யூனோவில் எல்இடி மின்னிவிட்டது, அடுத்து எட்டுக்கால் சிப்புக்கு எப்படிப் போவது?

கேள்வி இது: "கல்லூரியில் 8051 மைக்ரோகண்ட்ரோலரைத் தியரியாகப் படித்திருக்கிறேன். சி மொழி ஓரளவு தெரியும். ஆர்டுயினோ யூனோ வாங்கி எல்இடியை மின்ன வைத்துவிட்டேன். இனி போர்டு இல்லாமல், ஒரு சின்ன சிப்பை நானே புரோகிராம் செய்து ஏதாவது உருவாக்க வேண்டும். என்ன வாங்குவது, எப்படித் தொடங்குவது, எங்கே மாட்டிக்கொள்வேன்?"

யூனோவை ஓரங்கட்டாதீர்கள், அதுதான் உங்களுடைய புரோகிராமர். அதை வைத்தே ஏடிடைனி85 என்ற எட்டுக்கால் சிப்பில் புரோகிராம் ஏற்றலாம், தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. முதல் வேலையாக ஒரு இரவு விளக்கு செய்யுங்கள். இருட்டினால் எரிய வேண்டும், விடிந்தால் அணைய வேண்டும், அவ்வளவுதான். அதற்குள்ளேயே உள்ளீடு, வெளியீடு, மின்சாரம், கடிகார வேகம் எல்லாம் வந்துவிடும்.

ஏன் போர்டை விட்டு இறங்கச் சொல்கிறேன் என்றால், யூனோவில் ஏடிமெகா328பி சிப்போடு 5 வோல்ட் ரெகுலேட்டர், 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், யூஎஸ்பிக்கென்று இன்னொரு சிப், ரீசெட் சுற்று, கெபாசிட்டர்கள் என எல்லாம் தயாராக இருக்கின்றன. எது எதற்காக இருக்கிறது என்பது அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஏடிடைனி85 ஓடுவதற்குத் தேவை பிளஸ், கிரவுண்ட், நடுவில் ஒரு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் மட்டுமே. கடிகாரம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ரேம், 512 பைட் ஈஈபிராம். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் இரவு விளக்கு, கதவு அலாரம், தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் பஸ்ஸர் போன்றவற்றுக்கு இதில் பாதிகூடச் செலவாகாது.

வாங்க வேண்டியவை

முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். விலை குறைந்ததே போதும், ஆனால் இல்லாமல் தொடங்காதீர்கள். புரோகிராமில் தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடும் பிழைகளில் பெரும்பகுதி வயரிலும் மின்சாரத்திலும்தான் இருக்கும், அதை மீட்டர் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

ஏடிடைனி85 மூன்று வாங்குங்கள். ஒன்று வீணானாலும் வேலை நிற்காது. கடையில் கேட்கும்போது "20பியூ" என்று முடியும் எண்ணைக் கேளுங்கள், அதுதான் பிரெட்போர்டில் குத்தக்கூடிய கால்கள் உள்ள டிஐபி வகை. "20எஸ்யூ" என்றால் போர்டின் மேல் ஒட்டிச் சால்டர் செய்யும் வகை, பிரெட்போர்டில் நிற்காது. கூடவே எட்டுக்கால் ஐசி பேஸ் இரண்டு, பிரெட்போர்டு ஒன்று, 330 ஓம், 1 கிலோஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் பத்துப் பத்து, "104" என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் பத்து (100 நானோஃபாரட் என்பது இதுதான்), 10 மைக்ரோஃபாரட், 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டிரண்டு, எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்) இரண்டு, புஷ் பட்டன் நான்கு, பிசி547 டிரான்சிஸ்டர் ஐந்து, 1என்4007 டையோடு ஐந்து, எல்இடிகள், ஜம்பர் வயர் ஒரு கட்டு. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் இத்தனையும் ஒரே நடையில் கிடைக்கும்.

நீளமான பிரெட்போர்டுகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் சில போர்டுகளில் நடுவில் அறுந்திருக்கும். கோடு அச்சில் விட்டுப்போயிருந்தால் உள்ளே உலோகமும் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். மீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து இரு முனையையும் தொட்டுப் பாருங்கள், பீப் வராவிட்டால் ஒரு வயரால் பாலம் போடுங்கள்.

யூனோவைப் புரோகிராமர் ஆக்குவது

ஆர்டுயினோ ஐடிஇயில் எக்சாம்பிள்ஸ் பட்டியலில் "ஆர்டுயினோஐஎஸ்பி" என்ற ஸ்கெட்ச் (ஆர்டுயினோவில் புரோகிராமுக்கு இதுதான் பெயர்) இருக்கும். அதைத் திறந்து யூனோவில் வழக்கம்போல அப்லோட் செய்யுங்கள். அது முடிந்த பிறகு, கவனியுங்கள், பிறகுதான், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் நீளமான காலை யூனோவின் ரீசெட்டிலும் குட்டையான காலை கிரவுண்டிலும் செருகுங்கள்.

இந்தக் கெபாசிட்டர் எதற்கு? கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் யூனோ தானாக ரீசெட் ஆகும்படி அமைத்திருக்கிறார்கள். ரீசெட் ஆனதும் பூட்லோடர் (யூனோவுக்குள் இருந்து புதிய ஸ்கெட்சை வாங்கிப் பதியும் சிறு புரோகிராம்) விழித்துக்கொண்டு, டைனிக்காக அனுப்பிய தரவைத் தனக்கென்று வாங்கிக்கொள்ளும். கெபாசிட்டர் அந்தச் சின்னத் துடிப்பை விழுங்கிவிடுவதால் யூனோ ரீசெட் ஆகாது. அதே காரணத்தால், கெபாசிட்டர் மாட்டியிருக்கும்போது யூனோவுக்கே புதிய ஸ்கெட்ச் ஏற்ற முடியாது. "நேற்று வேலை செய்த போர்டு இன்று அப்லோட் ஆகவில்லை" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது.

இனி வயரிங். டைனியின் மேல் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். அது முதல் கால். புள்ளி இடப்பக்க மேல் மூலையில் வரும்படி பிடித்தால், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. யூனோவின் 10-ஐ டைனியின் 1-ஆம் காலுக்கு, 11-ஐ 5-க்கு, 12-ஐ 6-க்கு, 13-ஐ 7-க்கு. யூனோவின் 5 வோல்ட் 8-ஆம் காலுக்கு, கிரவுண்ட் 4-ஆம் காலுக்கு. 104 கெபாசிட்டரை 8-க்கும் 4-க்கும் இடையே, சிப்பை ஒட்டினாற்போல் வையுங்கள். சிப் உள்ளே ஒவ்வொரு துடிப்பிலும் திடீரென்று கொஞ்சம் மின்சாரம் கேட்கும். நீள வயர் வழியாக அது வந்து சேர்வதற்குள் வோல்டேஜ் ஒரு கணம் சரியும். பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர் அந்தக் கணத்தைத் தாங்கிக்கொள்கிறது.

ஐடிஇயின் போர்ட்ஸ் மேனேஜரில் ஏடிடைனிகோர் என்ற தொகுப்பைச் சேர்த்து நிறுவுங்கள். பிறகு டூல்ஸ் மெனுவில் சிப் ஏடிடைனி85, கடிகாரம் உள் 8 மெகாஹெர்ட்ஸ், புரோகிராமர் "ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி" என்று தேர்ந்தெடுங்கள். புரோகிராமர் பட்டியலில் பெயர் ஒன்றுபோல இருக்கும் "ஆர்டுயினோஐஎஸ்பி" வேறு கருவி, அதைத் தொடாதீர்கள். அடுத்து "பர்ன் பூட்லோடர்" ஒரு முறை. நாம் பூட்லோடர் எதையும் ஏற்றவில்லை. ஆனால் கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் ஃபியூஸ் பிட்டுகள் (சிப்புக்குள்ளே எழுதிவைக்கும் அமைப்புகள்) அந்த ஒரு சொடுக்கில்தான் எழுதப்படும். அதன் பிறகு ஸ்கெட்ச் மெனுவில் "அப்லோட் யூசிங் புரோகிராமர்".

ஒரு எல்இடியை 330 ஓம் ரெசிஸ்டரோடு தொடராக இணைத்து 3-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போடுங்கள். புரோகிராமில் இந்தக் காலின் எண் 3 அல்ல, 4. சிப்பின் கால் எண்ணும் புரோகிராம் எண்ணும் வெவ்வேறு. 3-ஆம் காலுக்கு பிபி4 என்று பெயர், அந்த 4-தான் புரோகிராமில் வரும். அதேபோல 5-ஆம் கால் என்பது 0, 6 என்பது 1, 7 என்பது 2, 2 என்பது 3. இதை ஒரு தாளில் வரைந்து மேசையில் ஒட்டி வையுங்கள், தொடக்கக் குழப்பம் பாதியாகும்.

எல்இடி மின்னாதபோது

மின்னுகிறது, ஆனால் ஒரு விநாடிக்குப் பதிலாக எட்டு விநாடி எடுக்கிறது என்றால், "பர்ன் பூட்லோடர்" செய்ய மறந்துவிட்டீர்கள். டைனி தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ளே 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஓடினாலும், அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் போட்டிருப்பதால் நிஜ வேகம் 1 மெகாஹெர்ட்ஸ்தான். 8 என்று நம்பிக் கணக்கிட்ட புரோகிராம் எட்டு மடங்கு மெதுவாக ஓடுகிறது. நேர் எதிராக எட்டு மடங்கு வேகமாக மின்னினால், சிப் 8-இல் ஓடுகிறது, மெனுவில் 1 தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இந்த எட்டு என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள், நேரம் தப்பும் இடமெல்லாம் இது உதவும்.

"டிவைஸ் சிக்னேச்சர்" பிழை வந்து, அதில் எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் எஃப் எழுத்தாகவோ தெரிந்தால், யூனோவுக்கும் டைனிக்கும் பேச்சே நடக்கவில்லை. 8-க்கும் 4-க்கும் இடையே மீட்டரில் ஏறக்குறைய 5 வோல்ட் வருகிறதா? வந்தால் சிப் தலைகீழாகச் செருகியிருக்கிறதா? அதுவும் சரி என்றால் 11, 12 வயர்கள் இடம் மாறியிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் வந்தால் ஜம்பர் வயரை மாற்றுங்கள், மலிவான வயர்களில் உள்ளே அறுந்தவை உண்டு. "நாட் இன் சிங்க்" என்று வந்தால் பேச்சு அறுபட்டது கணினிக்கும் யூனோவுக்கும் இடையில். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், போர்ட் தேர்வு, புரோகிராமர் தேர்வு, இந்த மூன்றையும் பாருங்கள். கணினியில் போர்ட்டே தெரியாவிட்டால் யூஎஸ்பி கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையாக இருக்கலாம். அல்லது உங்கள் யூனோ சிஎச்340 சிப் உள்ள நகலாக இருந்து, டிரைவர் நிறுவாமல் இருக்கலாம்.

ஃபியூஸில் ஒரே ஒரு பிட்டைத் தெரியாமல் தொட வேண்டாம், ரீசெட் காலை முடக்கும் பிட். ஐந்து கால்களுக்குப் பதில் ஆறு கிடைக்குமே என்று ஆசைப்பட்டு அதைப் போட்டால், அதன் பிறகு யூனோவால் அந்தச் சிப்போடு பேச முடியாது. மீட்க 12 வோல்ட் கொடுக்கும் வேறு வகைப் புரோகிராமர் வேண்டும்.

8051-இலிருந்து வருபவருக்கு

8051-இல் ஒரு காலை உள்ளீடாக்க அதில் 1 எழுதிவிட்டுப் படிப்போம். கால் எந்தத் திசை என்று தனியாகச் சொல்ல ரெஜிஸ்டர் கிடையாது. ஏவிஆர் சிப்பில் (டைனி, யூனோவின் ஏடிமெகா இரண்டும் இந்தக் குடும்பம்தான்) ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று ரெஜிஸ்டர். டிடிஆர்பி திசையைச் சொல்கிறது, 1 என்றால் வெளியீடு, 0 என்றால் உள்ளீடு. போர்ட்பி என்ன எழுத வேண்டும் என்பதற்கு. பின்பி என்ன வந்திருக்கிறது என்று படிக்க. கால் உள்ளீடாக இருக்கும்போது போர்ட்பியில் 1 எழுதினால் உள்ளே இருக்கும் புல்அப் ரெசிஸ்டர் (20 முதல் 50 கிலோஓம்) இணைகிறது. பட்டனை காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே போட்டு இந்தப் புல்அப்பை இயக்கினால் வெளியே ரெசிஸ்டரே தேவையில்லை. இயக்காமல் விட்டால் கால் அந்தரத்தில் தொங்கும், விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே 0, 1 என்று மாறும்.

8051-இல் எல்இடியை பிளஸிலிருந்து காலுக்கு இறக்கித்தான் எரிய வைக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஏனென்றால் அதன் கால் மின்சாரத்தை உள்வாங்கும் அளவுக்கு வெளியே தராது. ஏவிஆரில் இரு பக்கமும் ஒன்றே. ஒரு காலுக்கு 40 மில்லிஆம்ப் என்பது சிப் தாங்கும் உச்சவரம்பு, வேலைக்கு 20-ஐத் தாண்டாதீர்கள். 330 ஓம் போட்ட சிவப்பு எல்இடி 5 வோல்ட்டில் ஏறக்குறைய 9 மில்லிஆம்ப்தான் இழுக்கும்.

தொடக்கத்தில் ஆர்டுயினோவின் டிஜிட்டல்ரைட் கட்டளை போதும். வேகம் தேவைப்படும் நாளில் ரெஜிஸ்டரில் நேரே எழுதுங்கள். ஒரு பிட்டை மாற்றுவது ஒரே கட்டளை, இரண்டு கடிகாரத் துடிப்பு, 8 மெகாஹெர்ட்ஸில் 250 நானோவிநாடி.

சி மொழி தெரிந்தவர்களையும் கவிழ்க்கும் ஒரு இடம் உண்டு. ஒரு நிமிடம் காத்திருக்க டிலே-க்குள் 60 பெருக்கல் 1000 என்று எழுதுவது இயல்பு. கணினியில் இன்ட் 32 பிட், அதனால் அங்கே சிக்கலில்லை. ஏவிஆரில் இன்ட் 16 பிட், அதன் மேல் எல்லை 32767. 60, 1000 இரண்டும் இன்ட் என்பதால் பெருக்கலும் இன்டிலேயே நடக்கிறது. 60000 அதில் அடங்காமல் மைனஸ் 5536 ஆகிறது. டிலே எதிர்பார்ப்பதோ குறி இல்லாத 32 பிட் எண். மைனஸ் 5536 அதற்குள் போனதும் 4294961760 ஆகிவிடும். மில்லிவிநாடியில் இது ஏறக்குறைய 49.7 நாள். நிமிடத்துக்கு ஒருமுறை மின்ன வேண்டிய எல்இடி செத்ததுபோல உட்கார்ந்திருக்கும், சிப் எரிந்துவிட்டது என்று தூக்கிப் போடுவீர்கள். 60-க்குப் பின்னால் யூ, எல் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் பெருக்கல் 32 பிட்டில் நடக்கும், சரியாகிவிடும். ஐடிஇயின் பிரிஃபரன்சஸில் கம்பைலர் வார்னிங்ஸை "ஆல்" என்று வைத்தால் இதை அதுவே சுட்டிக்காட்டும். முதல் நாளே அப்படி வைத்துவிடுங்கள்.

இரவு விளக்கு

எல்டிஆரை 5 வோல்ட்டுக்கும் 2-ஆம் காலுக்கும் இடையே, 10 கிலோஓமை 2-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள். வெளிச்சம் கூடினால் எல்டிஆரின் தடை குறையும், 2-ஆம் காலில் வோல்டேஜ் ஏறும். புரோகிராமில் இந்தக் கால் அனலாக் 3, அதாவது ஏ3. படித்தால் 0 முதல் 1023 வரை எண் வரும்.

எந்த எண்ணில் விளக்கை ஏற்றுவது? டைனியில் யூனோபோல சீரியல் மானிட்டரில் எட்டிப் பார்க்கும் வசதி நேரடியாக இல்லை. மீட்டரே போதும். சாயங்காலம் விளக்கு எரிய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் நேரத்தில் 2-ஆம் காலின் வோல்டேஜை அளந்து, 1024-ஆல் பெருக்கி, சப்ளை வோல்டேஜால் வகுத்துவிடுங்கள். 5 வோல்ட் சப்ளையில் 1.46 வோல்ட் என்றால் ஏறக்குறைய 300. எல்டிஆருக்கு எல்டிஆர் இது மாறும், அதனால் வேறு யாருடைய எண்ணையும் அப்படியே போடாதீர்கள். பேட்டரி இறங்கினால் எண் மாறாதா என்று கேட்கலாம். மாறாது. எல்டிஆருக்குப் போகும் மின்சாரமும் சிப் அளக்கும் அளவுகோலும் ஒரே சப்ளைதான், இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

300-க்குக் கீழே எரி, மேலே அணை என்று எழுதினால் அந்திப் பொழுதில் விளக்கு படபடவென்று துடிக்கும். அளவு 299, 301 என்று தள்ளாடுவது ஒரு காரணம். இன்னொன்று, எரிந்த விளக்கின் வெளிச்சமே எல்டிஆர் மேல் விழுந்து "விடிந்துவிட்டது" என்று சொல்லிவிடும். 300-க்குக் கீழே போனால் ஏற்று, 400-க்கு மேலே போனால்தான் அணை, நடுவில் இருந்தால் இருந்தபடியே விடு என்று இரண்டு எல்லை வையுங்கள். எல்டிஆருக்கு ஸ்ட்ராவில் வெட்டிய கறுப்புக் குழாய் ஒன்றை மாட்டி, விளக்குக்கு முதுகைக் காட்டி வைத்தால் இன்னும் நல்லது.

ஒற்றை எல்இடி போதாமல் ரிலே போட நினைத்தால், நேராகக் காலில் மாட்டாதீர்கள். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லிஆம்ப் இழுக்கும். காலிலிருந்து 1 கிலோஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டரிலிருந்து ரிலேச் சுருள் வழியாக 5 வோல்ட்டுக்கு. சுருளுக்குக் குறுக்கே 1என்4007, அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். டையோடு இல்லாவிட்டால் ரிலே விடும் கணத்தில் சுருள் கிளப்பும் எதிர் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ரிலே "டக்" என்ற ஒவ்வொரு முறையும் சிப் முதலிலிருந்து தொடங்கினால் சப்ளையில் சரிவு இருக்கிறது, 100 மைக்ரோஃபாரட் ஒன்றைச் சப்ளைக்குக் குறுக்கே போடுங்கள். ரிலேயின் மறுபக்கத்தில் 230 வோல்ட்டை இணைக்கும் வேலையைப் பிரெட்போர்டில் செய்யவே கூடாது. விரல் படக்கூடிய தூரத்தில் திறந்த உலோகம் இருக்கிறது, உயிர் போகும். கொஞ்ச காலம் 5 வோல்ட், 12 வோல்ட் எல்இடி பட்டைகளோடே பழகுங்கள்.

பேட்டரிக்கு மூன்று ஏஏ செல் போதும், 4.5 வோல்ட், நேரே கொடுக்கலாம். ஏடிடைனி85 2.7 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும். 9 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்தால் சிப் அப்போதே போய்விடும். 7805 ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தாலோ, விளக்கு எரியாத நேரத்திலும் அந்த ரெகுலேட்டரே சில மில்லிஆம்ப் குடித்துப் பேட்டரியைச் சில நாட்களில் தீர்த்துவிடும்.

வைஃபை வேண்டும், போனில் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும்போது ஈஎஸ்பி32-க்குப் போங்கள். அது 3.3 வோல்ட் சிப், யூனோவில் பழகிய 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை அதன் காலில் நேரே கொடுக்கக் கூடாது. அதற்குமுன் டைனியில் மூன்று நான்கு சாமான்களாவது முழுதாக முடித்திருந்தால், ஈஎஸ்பி32-இல் வரும் தப்புகளில் எது மின்சாரம், எது புரோகிராம் என்று பிரித்துப் பார்க்கக் கை வந்திருக்கும்.

இரவு விளக்கு ஒரு வாரம் பிரெட்போர்டில் ஒழுங்காக ஓடினால் டாட் போர்டில் சால்டர் செய்யுங்கள். சிப்பை நேராகச் சால்டர் செய்யாமல் ஐசி பேஸை வைத்து, அதன் 8-க்கும் 4-க்கும் அடியிலேயே 104-ஐப் போடுங்கள். சிப்பைச் செருகுமுன் பேட்டரியை மாட்டி, காலியான பேஸின் 8-க்கும் 4-க்கும் இடையே வோல்டேஜ் சரியான திசையில் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சிப்பைச் செருகலாம். நாளைக்கு அந்த 300-ஐ 250 ஆக்கத் தோன்றினால் சிப்பை மட்டும் கழற்றி, யூனோ பக்கம் கொண்டுவந்தால் போதும்.